செத்த பிறகு ஒரு சிரிப்பு

என் மாமனார் செத்துச் செத்துப் பிழைத்தவர். பேச்சுக்குச் சொல்லவில்லை, சாவதுதான் அவருக்குத் தொழில். பழைய காலத்துத் தமிழ்ப் படங்களிலும் கன்னடப் படங்களிலும் வெள்ளைக்காரன் வேஷம் கட்டியவர் அவர். அந்தக் காலத்துக் கதையில் வெள்ளைக்காரன் எதற்கு வருவான்? அநியாயம் பண்ண வருவான், கடைசியில் கதாநாயகன் கையால் சாவான். கலெக்டராக, சார்ஜண்டாக, ஜட்ஜாக, டீ எஸ்டேட் துரையாக இவர் கட்டாத வேஷமில்லை. ஆனால் எந்த வேஷமானாலும் முடிவு ஒன்றுதான். படம் முடிகிற வரைக்கும் உயிரோடு இருந்தால் சம்பளம் ஜாஸ்தி கேட்டிருப்பேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பார்க்கப்போனால் அவர் பாதி வெள்ளைக்காரர்தான். பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் அதிகாரியாக இருந்த இங்கிலீஷ்காரர். அம்மா, வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் அப்பா கப்பலேறிவிட்டார், போனவர் போனவர்தான். அவர் விட்டுப்போனது பூனைக்கண்ணும், வெயில் பட்டால் சிவந்துபோகிற தோலும். பேச்சு, கோபம், கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உட்காருவது, இதெல்லாம் அம்மா வழி. இங்கிலீஷ் அவருக்கு வந்ததே சர்ச் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித்தான்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராஜா வேஷம் போட்டிருந்தவரை மெட்ராஸ் ஸ்டூடியோ ஆள் ஒருத்தர் பார்த்திருக்கிறார். இந்த மூஞ்சிக்கு மேக்கப்பே வேண்டாம் என்று கையோடு கூட்டிப்போய்விட்டார். அங்கே போய்த் தமிழில் வசனம் பேசினால் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். "யோவ், துரை இப்படியா பேசுவான், கடிச்சுத் துப்புய்யா." அம்மா சொல்லிக்கொடுத்த தமிழை மறந்துவிட்டு, நாக்கைச் சுழற்றி ஒரு துரைத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். அதில்தான் வாழ்க்கை பூராவும் அதட்டினார், சவுக்கைச் சுழற்றினார், செத்தார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கசப்பே இருக்காது. "சினிமா எனக்குச் சோறு போட்டுச்சும்மா. எங்கப்பன் போடாத சோறு அவன் மூஞ்சி போட்டுச்சு, போதும்" என்பார்.

நான் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது 1991இல். மாமியார் அதற்கு முன்னாலேயே காலமாகியிருந்தார். வீட்டில் மாமாவும், லேத் பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரும் மட்டும்தான். ஆம்பிளைங்க இரண்டு பேர் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? சமையலறையை ஒரு வழிக்குக் கொண்டுவரவே எனக்கு ஒரு மாசம் ஆனது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வந்த புதிதில் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன், ரொம்ப நாள் தாங்கவில்லை.

எனக்குத் தையல் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் இருந்தேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "மிஷினை எங்கே போடுறது?" என்றார். மறுநாள் காலையில் மாமா தெருவைப் பார்த்த முன்ரூமிலிருந்து தன் கட்டிலையும் பெட்டியையும் தானே இழுத்து ஹாலில் போட்டுவிட்டார். அந்த ரூமில் பிழைத்தவள் நான். இன்றைக்கு என் கடையில் நாலு மிஷின் ஓடுகிறது என்றால் அந்தக் கட்டிலை அவர் நகர்த்தினதால்தான். பெற்ற அப்பா எனக்குச் செய்யாததை இந்த வெள்ளைக்காரர் செய்தார். எங்கே வேண்டுமானாலும் நான் இதைச் சொல்வேன்.

கட்டிலை நகர்த்தினாரே தவிர கடையை விட்டு அவர் நகரவில்லை. காலையில் பேப்பரைப் படித்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் குந்திக்கொள்வார். ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக் கொடுப்பார். ஸ்டூடியோவில் சும்மா காத்துக் கிடந்த நேரத்தில் காஸ்ட்யூம்காரரிடம் கற்றுக்கொண்டதாம். துணி கொடுக்க வருகிற பெண்கள் முதல் தடவை மிரண்டு போவார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் லுங்கியோடு உட்கார்ந்து, "இன்னாம்மா, போன தடவை கை டைட்டாயிடுச்சின்னியே, இப்ப சரியா கீதா?" என்று கேட்டால் யார்தான் மிரள மாட்டார்கள்? அடுத்த தடவை அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே வருவார்கள். எப்படிச் சாவது என்று செய்து காட்டச் சொல்வார்கள். அவரும் எழுந்து நின்று காட்டுவார். "குண்டு பட்ட உடனே விழுந்துட்டா டைரக்டர் கோச்சுக்குவாரு. லேட்டா விழுந்தா ஹீரோ கோச்சுக்குவாரு. ரெண்டுக்கும் நடுவுல விழணும்மா, அதான் வித்தை."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் பழைய கன்னடப் படம் போடுவார்கள். சர்ச் முடிந்து வரும்போதே மாமா பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிவந்து வைத்துவிடுவார். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா, அவர்கள் பிள்ளைகள், எல்லாரும் எங்கள் ஹாலில் கூடுவார்கள். சில வாரம் மாமாவே படத்தில் வருவார். அவர் திரையில் தலை காட்டியதும் பிள்ளைகள் ஓ என்று கத்தும். அதே நேரத்துக்கு என் வீட்டுக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். படம் முடிந்த பிறகுதான் வருவார்.

முதல் தடவை ஏதோ அவசரம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் போனதும் எனக்குச் சுருக்கென்றது. வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பெத்த அப்பா நடிச்ச படம். ஊரே உட்கார்ந்து பார்க்குது. உங்களுக்கு மட்டும் இன்னா கேடு?" அவர் கை கழுவப் போனார். அந்த மனுஷனிடம் வாயைப் பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அப்பா மேல் ஏதோ பழைய கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கோபமாகவும் தெரியவில்லை. அப்பாவுக்கு மாத்திரை வாங்கி வருவதும், குளிர் காலத்தில் வெந்நீர் போட்டு வைப்பதும் அவர்தான்.

அந்த வருஷம் டிசம்பரில் காவேரித் தண்ணீர் விஷயமாக ஊரில் கலாட்டா ஆனது. தமிழ் ஆட்கள் வீடு எது, கடை எது என்று கும்பல் தேடுவதாகப் பேச்சு வந்தது. என் கடைக்குத் தமிழில்தான் போர்டு. எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, நான் கேட்காமலே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். "ஒளகே இரு, ஆச்சே பரபேடா" என்றார், உள்ளேயே இரு, வெளியே வராதே என்று. அந்தப் புண்ணியவதியை நினைக்காமல் இன்றைக்கும் நான் டிசம்பரைத் தாண்டுவதில்லை.

தெருக்கோடியில் டயர் எரிகிற நாற்றம் வந்தது. என் வீட்டுக்காரர் கதவைத் தாழ் போடப் போனார். மாமா அவரைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். பழைய கோட்டு, ஷூ, தொப்பி எல்லாம் வெளியே வந்தது. மாட்டிக்கொண்டு, வெளியே நாற்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டு, இங்கிலீஷ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டார். "ஒரு கப் டீ குடும்மா, சாசரோட" என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உள்ளே போய்க் கதவைச் சாத்து."

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பத்துப் பதினைந்து பசங்கள் கையில் தடியோடு வந்தார்கள். எங்கள் வீட்டு முன்னால் நின்றார்கள். மாமா பேப்பரைக் கொஞ்சம் கீழே இறக்கினார். கன்னடம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு அவர் பேசினதைக் கேட்க வேண்டுமே. அந்த ஸ்டூடியோவில் கற்ற துரைப் பேச்சையே கன்னடத்துக்கு மாற்றி, கடித்துத் துப்பி, எதற்கு இங்கே சத்தம், நான் டீ குடிக்கிறது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அதட்டினார். பசங்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்துவிட்டான். இன்னொருத்தன் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தான். "ஹோக்லி பிடு, தொரே யாரோ" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். விடு, யாரோ துரை, என்று.

நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் ஹாலில் சுவரைப் பார்த்து, இரண்டு கையாலும் மூஞ்சியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய ஆம்பிளை. போய்விட்டார்கள் என்று நான் சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. மாமா உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, "வாழ்க்கையிலேயே முதல் தடவை சாகாம நடிச்சிருக்கேன்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தபோது மாமாவிடம் கேட்டேன். எதற்கு அவர் அப்படி மூஞ்சியை மூடிக்கொண்டார், எதற்குப் படம் பார்க்க மாட்டேன் என்கிறார்? மாமா கையிலிருந்த ஹூக்கை டப்பாவில் போட்டார். "என்னாலதாம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது அது. தங்கவயல் கொட்டகையில் மாமா நடித்த படம் வந்திருக்கிறது. மாமா மெட்ராஸில் அடுத்த படத்தில் இருந்தார். மாமியார் பையனை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். திரையில் அப்பா வந்ததும் பையனுக்கு ஒரே குஷி. கடைசியில் கதாநாயகன் துப்பாக்கியை எடுத்து நெஞ்சிலேயே சுட்டான். அப்பா விழுந்தார். கொட்டகையே எழுந்து விசில் அடித்தது. பையன் மடியிலிருந்து இறங்கி, "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டு திரைக்கிட்டே ஓடியிருக்கிறான். அவன் அப்பா செத்துக் கிடக்கிறார், சுற்றிலும் இருக்கிற ஜனம் கைதட்டுகிறது. அதற்கப்புறம் காய்ச்சல். மாமா ஊருக்கு வந்து சேர்வதற்குள் பையன் இளைத்துப் பாதி ஆகியிருந்தான். வந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து, சட்டையைத் திறந்து, நெஞ்சில் எங்கே ஓட்டை என்று விரலால் தேடினானாம்.

"நடிப்புடா கண்ணு, பொய்யின்னு எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினான். ஆனா அன்னியிலிருந்து என் படம் ஒண்ணுகூட அவன் பார்த்தது இல்ல" என்றார் மாமா. "அவங்க வெட்டிப்போட்ட துண்டை மட்டும் பார்த்திருந்தான்னா சரியாப் போயிருக்கும்மா."

எந்தத் துண்டு என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வழக்கத்தைச் சொன்னார். சினிமாவில் செத்தவனாக நடித்தவன் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. சாவு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். கட் சொன்ன பிறகு படுத்தது படுத்தபடியே இருக்க வேண்டும். காமிராவைத் திரும்ப ஓட்டுவார்கள். செத்தவன் கண்ணைத் திறந்து, காமிராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்கலாம். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, வெட்டிவிடுவார்கள். மாமா ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சிரித்திருக்கிறார். வேதக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "தொழிலுக்கு ஏதும்மா வேதம்?" என்பார். "நான் செத்ததை ஊரே பார்த்துச்சு. எழுந்ததை எவனும் பார்க்கல. என் புள்ளயும் பார்க்கல. கண்ண மூடறதுக்குள்ள அவன் ஒரு தடவை அதைப் பார்த்துட்டா போதும்."

அதன் பிறகு அவருக்கு வேஷம் எதுவும் வரவில்லை. படங்களில் வெள்ளைக்காரன் வருவதே நின்றுபோனது. எங்களுக்குப் பாப்பா பிறந்தாள், வளர்ந்தாள், தாத்தாவிடம் செத்து விழும் வித்தையைக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் செய்துகாட்டி டீச்சரிடம் திட்டு வாங்கினாள். நடுவில் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டார். டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்றார். பாப்பா மூன்றாவது படிக்கும்போது, இரண்டாயிரம் பிறந்து ஒரு வருஷமோ என்னவோ, என் கடைக்கு ஒரு கன்னடப் பையன் மாமாவைத் தேடிக்கொண்டு வந்தான். டிவி சீரியல் எடுக்கிறார்களாம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் ஷூட்டிங். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட வயசான இங்கிலீஷ்காரர் வேஷம். என்ன வேலை என்று கேட்டார் மாமா. பையன் கூச்சத்தோடு, "சாயோ சீன் சார்" என்றான். சாகிற காட்சி. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்ட மாதிரி பூரித்துப்போனார்.

சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. "டாக்டர் இன்னா சொன்னாரு, நீ இன்னா பண்றே? இவ்வளவு நாள் செத்தது போதாதா, நைனா?" என்றார் என் வீட்டுக்காரர். மாமா, "படுத்துக்கினே சாகறதுதானேடா, படி ஏற வேணாம்" என்றார். "நிஜமாவே ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு இவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பார்த்தேன், இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் நானில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு அவ்வளவு பயம்னா கூடவே வாங்க. வந்து ஒரு தடவை பாருங்க" என்றேன். அவர் என்னை முறைத்தார். "மதியச் சோத்துக்குள்ள கொண்டுவந்து விட்டுடு" என்று மட்டும் சொன்னார். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மாமா சரியாகச் சாப்பிடவில்லை. மகன் வரமாட்டான் என்பதுதான் அவருக்கு வருத்தம்.

ஆட்டோவில் போனோம். அவர்கள் கொடுத்த நைட் கவுன் இரண்டு ஆள் போகிற அளவுக்குத் தொளதொள. அங்கேயே ஊசி நூலை எடுத்து முதுகுப் பக்கம் பிடித்துத் தைத்துக்கொடுத்தேன். டைரக்டர் சின்ன வயசு, நல்ல பிள்ளை. மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெரிய கட்டிலில் படுக்கவைத்தார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் துணி. மாமா படுத்தபடியே என்னிடம் வாசலைக் காட்டி, "வந்தானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எத்தனையோ தடவை அவர் சாவதைக் கடையில் பார்த்துச் சிரித்தவள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வசனம் இல்லை. மூச்சு மெதுவாக ஏறியது, இறங்கியது, பாதியில் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனார். அப்புறம் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். லைட்டை அணைத்து, காமிராவை நகர்த்த ஆரம்பித்தார்கள்.

மாமா எழுந்திருக்கவில்லை.

"சார், ஆயித்து, எத்தேளி" என்றார் டைரக்டர், முடிந்தது எழுந்திருங்கள் என்று. அசைவில்லை. ஒரு பையன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் போனான். ஆள் ஆளாகக் கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள். ஐயோ, நான்தானே கூட்டிவந்தேன், அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஓடிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு மாமா கையைப் பிடித்தேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. துணிக்கு அடியில் அவர் கட்டைவிரல் என் உள்ளங்கையை நறுக்கென்று கிள்ளியது.

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் ஞாபகம் வந்தது. காமிரா ஓடவில்லை. சிரிக்காமல் எப்படி எழுந்திருப்பார்? வந்த கோபத்துக்கு அந்தக் கையைத் திருகியிருப்பேன். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

வாயைத் திறக்கிறேன், வாசலில் ஒரு சத்தம். "நைனா."

பட்டறை டிரெஸ்ஸோடு, கையெல்லாம் கிரீஸோடு, என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேலையில் மனசு நிற்காமல் பாதியில் கிளம்பி வந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு என்ன தெரியும்? கட்டிலில் வெள்ளைத் துணி மூடி அப்பா கிடக்கிறார். சுற்றிலும் ஜனம். பெண்டாட்டி கீழே முழங்கால் போட்டுக் கிடக்கிறாள். மறுபடியும் "நைனா" என்றார். அது அவர் வயசுக் குரலே இல்லை. லைட் ஸ்டாண்டை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

நான் டைரக்டரைப் பார்த்துக் கத்தினேன். "சார், காமிராவை ஓட்டுங்க. அவரு சிரிக்கணும். சிரிக்காம எழுந்திருக்க மாட்டாரு." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்த வயசான லைட்மேன் ஒருத்தர்தான், "ஹவுது சார், பழைய சினிமாக்காரங்க அப்படித்தான், ஓட்டுங்க" என்றார். காமிராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் காமிராவை விட்டுப் பார்வையை எடுக்காத மனுஷன், அன்றைக்குக் காமிராவைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். பார்த்து, ஒரு பக்கம் பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். அப்புறம் குனிந்து, கிரீஸ் கையோடு, அப்பா நெஞ்சில் கையை வைத்தார். தடவித் தடவிப் பார்த்தார். நான் கஷ்டப்பட்டுப் பிடித்துத் தைத்த கவுன் பூராவும் கறுப்பு. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"ஓட்டை ஒண்ணும் இல்லடா. நல்லாப் பார்த்துக்கோ" என்றார் மாமா.

இவர் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளையில் கொட்டகையில் அழுத அழுகையின் மிச்சம் அது என்று நினைத்தேன். மாமா அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தார். காமிராவை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நான் மாமாவைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். மகன் குரல் காதில் விழவில்லையா, ஒரு கண்ணையாவது திறந்து காட்டக் கூடாதா, இதென்ன பிடிவாதம்? "கேட்டுச்சும்மா. எழுந்திருச்சிருக்கலாம்தான். ஆனா அப்படி எழுந்தா அவன் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டானே" என்றார். என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்து, "சும்மா வாங்க, ஆட்டோக்காரர் பார்க்கிறாரு" என்றார். கன்டோன்மென்ட் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தித் தில்பசந்த் வாங்கிவந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

சீரியல் டிவியில் வந்த அன்றைக்கு எதிர்வீட்டு அம்மா குடும்பத்தோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடவில்லை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவிக்கு நேராக உட்கார்ந்தார். தாத்தா தலை சாய்ந்ததும் பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான், விளம்பரம் வந்துவிட்டது. சிரிப்பை வழக்கம்போல வெட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பாப்பா காதில், "இப்ப தாத்தா சிரிச்சாரு. இவங்க காட்டல. நான் நேர்ல பார்த்தேன்" என்றார். பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து பழைய படம் பார்த்தார்கள். மாமா ஒவ்வொரு படத்திலும் செத்ததும், "இங்க எப்படிச் சிரிச்சே?" என்று மகன் கேட்பார். அப்பா திரும்பிச் சிரித்துக் காட்டுவார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?" என்று ஒரு அதட்டல் போடுவேன். உள்ளுக்குள் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். அந்தச் சில வருஷங்களை எனக்குக் கொடுத்ததற்கு யாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

மாமா நிஜமாகப் போனது ஒரு காலை நேரத்தில், ஆஸ்பத்திரியில். நானும் என் வீட்டுக்காரரும் பாப்பாவும் பக்கத்தில்தான் இருந்தோம். மூச்சு மெதுவாக ஏறியது, இறங்கியது, பாதியில் நின்றது. நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் துணி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மணிக்கட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார். நர்ஸ் முகத்தை மூடுவதற்காகத் துணியைப் பிடித்தாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் இருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் இருக்கச் சொல்லித் தலையை ஆட்டினேன். துணியைப் பிடித்தபடியே நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வராந்தாவில் யாரோ டிபன் கேரியரைத் திறக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் என் வீட்டுக்காரர் குனிந்து, அப்பா முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அப்பாவுக்குப் பதிலாகத் தான் சிரித்தார். சிரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப மூடுங்க சிஸ்டர்" என்றார்.